செவுளின் நிறம்

பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். "தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்ல ஆபரேட்டர்" என்று என் தாய்மாமா முந்திக்கொண்டு சொன்னார். பொய் இல்லை. எந்தத் தண்ணீர் என்று அவர்களும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த என் மனைவி, முதல் தொட்டியின் கம்பி வலையிலிருந்து நான் எதை வாரிக்கொண்டிருந்தேன் என்று பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி அவள் கேட்டது ஒன்றுதான்: "கையை எத்தனை தடவை கழுவுவீங்க?"

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்தக் குடியிருப்பு. முந்நூறு சொச்சம் வீடுகள், ஒரு விடுதி, ஒரு கேன்டீன். நாளொன்றுக்கு இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிவுநீர் வரும். 1999-இல் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்ததால் இரண்டு வருடத்தில் ஆபரேட்டர் ஆக்கினார்கள். சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிறைந்தால் லாரி என்று இருந்த காலத்தில், இப்படி ஒரு பிளான்ட் இருக்கிறது என்பதையே பலர் நம்பவில்லை.

எங்கள் மில் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையை விளக்குவது சுலபம். ஏரேஷன் தொட்டி என்பது ஒரு மில். தொழிலாளிகள் பாக்டீரியாக்கள். அவற்றுக்குச் சம்பளம் காற்று. ப்ளோயர் ஓடினால் வேலை நடக்கும், நின்றால் ஸ்டிரைக். நல்லபடியாக ஓடும் தொட்டியில் கழிவு நாற்றம் இருக்காது. மழை விட்டதும் செம்மண்ணிலிருந்து எழும் வாசம் வரும். நிறம் கருப்பட்டிப் பாகு மாதிரி. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைப்போம். கசடு 300 மில்லிக்கு இறங்கி, மேலே கண்ணாடி போலத் தெளிந்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது. இறங்காமல் பஞ்சு மாதிரி மிதந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஊர்க் காலண்டர் முழுக்க அந்தத் தொட்டியில் தெரியும். தீபாவளியன்று காலை ஒன்பது மணிக்கு நல்லெண்ணெய்யும் சீயக்காயும் வந்து சேரும். தொட்டியின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டி, இரண்டு நாள் மூச்சுத் திணறும். போகிக்கு வீடு கழுவுகிறேன் என்று எல்லா வீட்டுக் கக்கூஸிலும் ஆசிட் ஊற்றுவார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க வருகிற சொந்தக்காரர்களால் ஸ்ரீவில்லிபுத்தூர் நிறையும், அந்த வாரம் எங்கள் தண்ணீரும் கூடும். பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வைத்திருந்தோம். அதில் மணி வடிவத் தலையும் சுருள் காம்புமாக வொர்டிசெல்லா என்ற ஓரணு உயிர் கூட்டமாகத் தெரிந்தால் தொட்டி நலம். ஆசிட் வந்த மறுநாள் காம்புகள் மட்டும் நிற்கும், தலைகள் இருக்காது.

இதெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தார்கள். மீனைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை.

தோட்டத்துக்குப் பாய்ச்சியது போக மிஞ்சிய தண்ணீர் வேலி தாண்டி ஓடையில் விழும். ஓடை ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்க் கண்மாயில் சேரும். கண்மாய்ப் பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் ஒரே வகைதான்: மேற்கே மலையிலிருந்து வருகிற ஆறும் ஓடையும் ஒன்றை நிரப்பும், அது மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பும், மிஞ்சினால் வைப்பாற்றில் போய் விழும். மலையடிவாரம் என்று பெயரே தவிர இது மழை மறைவுப் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் மழை. பங்குனிக்கு ஓடையில் ஓடுவது எங்கள் தண்ணீர் மட்டும்.

அந்தக் கண்மாயின் மீன்பாசியைக் குத்தகை எடுத்திருந்தவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, தண்ணீர் வற்றும்போது பிடித்து விற்பார். 2005-இல் ஒருநாள் விடிகாலை டி.வி.எஸ். 50-இல் வந்து, கேட்டுக்கு வெளியே நின்று, ஒரு தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். விரல் நீளத்துக் கெண்டைக் குஞ்சுகள், கொஞ்சம் அயிரை. எல்லாம் செத்தவை.

"எல்லாம் பொடிசு தம்பி. பெருசு ஒண்ணுகூடச் சாகல. காத்துக் குறைச்சல்னா பெருசுதான் முதல்ல மிதக்கும். இது வேற என்னமோ."

ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். நல்ல மீனுக்குச் செவுள் ரத்தச் சிவப்பு. இது வெளிறிப் போய், மேலே சளி படிந்திருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. போன மாதத்து ஆய்வறிக்கையில் மலக்கிருமி எண்ணிக்கை கூடிவிட்டது என்று மேலே இருந்தவர் சத்தம் போட்டிருந்தார். "ஒரு கேன் கூட ஊத்துப்பா, மறுபடியும் ஃபெயில் ஆகக் கூடாது" என்றார். மாதிரி எடுக்கிற நாளுக்கு முந்தின நாள் நான் இரண்டு கேன் ஊற்றினேன். சோடியம் ஹைப்போகுளோரைட். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற இடங்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்த அதே வாசம், கண் எரியும். அந்த முறை அறிக்கையில் கிருமி இல்லவே இல்லை. பாராட்டினார்கள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் நாட்டுப் பொதுத் தர அட்டவணைப்படி, ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நன்னீர் உயிர்களுக்கு என்று 1980-களில் வகுத்த அளவோ 0.019 மில்லிகிராம், அதுவும் கொஞ்ச நேரம் தாங்குவதற்கு. நீண்ட நாளைக்கு 0.011. சட்டப்படி நான் விடக்கூடியது மீன் தாங்குவதைப் போல ஐம்பது மடங்கு. நான் ஊற்றியது அதையும் தாண்டியிருக்கும். வெயில் பட்டால் குளோரின் பறந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கழிவுநீரில் அம்மோனியா மிச்சம் இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமீன் ஆகிவிடும். அது லேசில் பறக்காது, ஓடை முழுக்கக் கூடவே போகும்.

மருந்து எங்கே கிடைத்தது என்பது ஒரு வேடிக்கை. குளோரினை முறிப்பது சோடியம் தயோசல்பேட். எங்கள் பிளான்ட் பாஷையில் 'ஹைப்போ' என்றால் ஹைப்போகுளோரைட், அதாவது விஷம். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பாஷையில் 'ஹைப்போ' என்றால் படம் கழுவுகிற தயோசல்பேட், அதாவது முறிமருந்து. அந்தச் சமயம் ஸ்டூடியோக்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தன. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் அரை மூட்டை உப்புக்கல் மாதிரி அது சும்மா கிடந்தது. சல்லிசாக வாங்கி வந்தேன். குளோரின் தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் சொட்டுச் சொட்டாக விட ஏற்பாடு செய்தேன். செலவுக் கணக்கில் அதற்குப் பெயர் 'இதரச் சாமான்கள்'. அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. "அன்னைக்கே உன் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவர் குணம், என் யோக்கியதை இல்லை.

இந்தத் தொழிலின் அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தபோதுதான் கண்மாயின் கஷ்டம் எனக்கு உறைத்தது. பி.ஓ.டி. என்று ஒன்று பார்ப்போம். தண்ணீரில் மிச்சம் இருக்கும் அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. நாம் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம். இதற்கு ஓர் எண்ணை முதலில் கெட்டியாக நிறுத்தியது பிரிட்டனில் கழிவுநீருக்காக அமைத்த ராயல் கமிஷன், 1912-இல்: பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். கழிவுநீரைப் போல எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஆற்றில் ஓட வேண்டும். எண்கள் ஊர் ஊராகப் போயின. எட்டு மடங்கு ஆறு கூடப் போகவில்லை. எங்கள் ஓடையில் பங்குனியில் எட்டு மடங்கு அல்ல, எட்டுக் குடம் நல்ல தண்ணீர் கிடையாது.

2017 அக்டோபரில் மத்திய அரசு கழிவுநீர் நிலையங்களுக்குப் புதிய தர அளவுகளை அறிவித்தது. நான்கே நான்கு: கார அமிலத் தன்மை, பி.ஓ.டி., திடப்பொருள், மலக்கிருமி. 2015 வரைவில் அம்மோனியாவும் மொத்த நைட்ரஜனும் இருந்தன. இறுதி அறிவிப்பில் இல்லை. அந்த நான்கும் மனிதன் கேட்கிற கேள்விகள். கலங்கலாக இருக்கிறதா, நாறுமா, நோய் வருமா. செவுளால் மூச்சு விடுகிறவன் கேட்கும் முதல் கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டது 2013-இல்.

2012-ஐ இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை தவிர மற்ற ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்த வருடம் மழையும் பொய்த்தது. மில்கள் ஜெனரேட்டரில் ஓடின. எங்கள் குடியிருப்பிலும் ஜெனரேட்டர் இருந்தது. லிஃப்டுக்கு, குடிநீர் மோட்டாருக்கு, தெருவிளக்குக்கு டீசல் உண்டு. ப்ளோயருக்கு இல்லை. "அது கழிவுதானே, கொஞ்ச நேரம் நின்னா என்ன?" என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் ஓடும், இரண்டு மணி நேரம் நிற்கும். நான் குடுவையில் பிடித்துப் பார்த்தேன், தெளிந்துதான் இருந்தது. அந்த மாதம் வந்த அறிக்கையில் பி.ஓ.டி. 14. ஆய்வக முத்திரையோடு கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாம், அப்படி ஓர் அறிக்கை.

மாசிக் கடைசியில் அண்ணாச்சி வந்தார். இந்த முறை தூக்குச்சட்டி இல்லை, சாக்கு. இரண்டு கிலோ, மூன்று கிலோ கட்லா. செவுளைத் தூக்கினார். சிவப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. காப்பித் தூள் நிறம்.

"இது என்ன கணக்கு தம்பி? நாப்பது வருஷத்துல இந்த நிறம் நான் பார்த்ததில்ல."

எனக்கும் தெரியவில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நண்பரின் மகனுக்குப் போன் போட்டேன். நிறத்தைச் சொன்னதும் அந்தப் பையன் யோசிக்கவே இல்லை. "நைட்ரைட் மாமா. பழுப்பு ரத்த நோய்னு சொல்வாங்க."

இங்கே மறுபடியும் மில் ஷிஃப்டுக்கு வர வேண்டும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவைக் கரையேற்ற இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் வேண்டும். முதல் ஷிஃப்ட் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இரண்டாம் ஷிஃப்ட் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மீனுக்குப் பெரிய தொந்தரவு தராது. இரண்டு கூட்டமுமே மெதுவாகப் பெருகுகிறவை. ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை முழுதாக மாற்ற நாலரை கிராம் ஆக்சிஜன் கேட்கும். காற்று குறைந்தால் முதலில் வேலையை விடுவது இரண்டாம் ஷிஃப்ட். முதல் ஷிஃப்ட் பாதி நெய்த துணியைக் குவித்துக்கொண்டே போகும், முடிக்க ஆள் இருக்காது. மின்வெட்டில் எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான். நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய், ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக ஆக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். பி.ஓ.டி. 14-ஆகவே இருக்கும்.

சோதனைப் பெட்டி வாங்கிக் கடைசித் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். மருந்து விட்ட உடனே கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியது. அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்தையும் தாண்டிய நிறம். கண்மாய் அப்போது மடைப் பக்கத்துப் பள்ளமாகச் சுருங்கிக் கிடந்தது. அதில் முக்கால்வாசி எங்கள் தண்ணீர்தான்.

நைட்ரைட்டுக்கு வைத்தியம் சாதாரண உப்பு. உப்பிலுள்ள குளோரைடு செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு முட்டி மோதி அதை உள்ளே விடாமல் தடுக்கும். வளர்ப்புக் குளங்களில் மூட்டை மூட்டையாகக் கல் உப்பு போடுவார்களாம். அண்ணாச்சியிடம் சொன்னேன். கண்மாய்ப் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார். "தூத்துக்குடி உப்பளத்தையே கொண்டாந்து கொட்டணும். அப்புறம் கீழ வயக்காட்டுக்காரன் என்னைக் கொட்டுவான்." மிஞ்சிய மீனை அன்றைக்கே வலை போட்டு எடுத்துக் கிடைத்த விலைக்கு விற்றார்.

ப்ளோயருக்கு டீசல் கேட்டு நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு சின்னப் புத்தகம் வரும். கடைசியில் சிறிய ப்ளோயர் ஒன்று கிடைத்தது. அதை ஜெனரேட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மீனுக்காகக் கிடைக்கவில்லை. தொட்டி நாறுகிறது என்று விடுதிப் பிள்ளைகள் புகார் எழுதியதால் கிடைத்தது.

அதற்குப் பிறகு கண்மாயைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து போகும்போதும், சில நாள் விடிவதற்கு முன்பும் சோதனைப் பெட்டியோடு போவேன். தண்ணீர் பச்சையாக இருக்கும். எங்கள் தண்ணீரில் மிஞ்சிய நைட்ரஜனும், சோப்புத் தூளிலிருந்தும் மனிதக் கழிவிலிருந்தும் வரும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் வசதி எங்கள் பிளான்ட்டில் இல்லை. மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் பாசி விடும் ஆக்சிஜன் தண்ணீரில் பொங்கி நிற்கும். அதே வேளையில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் தண்ணீர் காரமாகி பி.எச். 9-ஐத் தாண்டும். அம்மோனியா விஷமாகும் நேரம் அது. பி.எச். 7-இல் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. வெயில் காலத்துத் தண்ணீரில் பி.எச். 9 ஆனால் நூற்றில் நாற்பதுக்கு மேல். காலை ஐந்து மணிக்குப் போனால் கதை தலைகீழ். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு விட்டிருக்கும், ஆக்சிஜன் தரை தட்டியிருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீர் முழுக்க நெல் பொரிவது போல ஒரு சத்தம். அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

மாதிரி எடுக்க வருகிறவர்கள் பதினோரு மணிக்கு வருவார்கள். டீ குடிப்பார்கள். பாட்டிலில் பிடிப்பார்கள். பதினோரு மணிக்கு எல்லாக் கண்மாயும் யோக்கியம்தான்.

கெட்டதையே சொல்லிக்கொண்டு போவதும் நியாயம் இல்லை. அந்த வறட்சி வருடங்களில் பக்கத்துக் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது, தண்ணீர் நின்றது எங்கள் கண்மாயில் மட்டும்தான். நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான், தாழைக்கோழி எல்லாம் அங்கே வந்தன. ஆடு மாடு குடித்தது. "உங்க தண்ணி வர்ற வருஷம் மீனு கொழுத்துக் கெடக்கும்" என்று அண்ணாச்சியே சொல்வார், ஏலத் தொகை ஏறுகிறது என்ற எரிச்சலோடு. கொல்கத்தாவின் கிழக்கே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஹெக்டேர் சதுப்பில், நகரத்துச் சாக்கடையைப் பல தலைமுறைகளாகக் குளம் குளமாக விட்டு மீன் வளர்க்கிறார்கள். அதன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002-இல் அது உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே சாக்கடையை ஆழமில்லாத குளத்தில் நிறுத்தி, வெயிலும் பாசியும் வேலை செய்யும் வரை காத்திருந்து, பிறகுதான் மீனிடம் விடுகிறார்கள். அந்தக் காத்திருப்புதான் தொழில் ரகசியம். எங்களுக்கு அதற்கு இடம் இல்லை, அல்லது இருந்த இடத்தில் ஷட்டில் கோர்ட் இருந்தது.

ஆனால் கொழுத்துக் கிடந்தது எந்த மீன்? நான் சேர்ந்த புதிதில் ஓடை மணலில் அயிரை இருந்தது. வேட்டியை விரித்துப் பிடித்து, மண்சட்டியில் மோர் ஊற்றி மண் கக்க வைத்து, குழம்பு வைத்திருக்கிறேன். சுத்தமான மணலும் ஓடுகிற தண்ணீரும் இல்லாவிட்டால் அயிரை நிற்காது. அது ஒன்றும் செத்து மிதக்கவில்லை, அடுத்த வருடம் இல்லை, அவ்வளவுதான். தட்டான் பூச்சியின் புழுக்கள் குறைந்தன. ஓடைச் சேற்றைக் கையில் அள்ளினால் ரத்தச் சிவப்பாக மெல்லிய புழுக்கள் நெளியும். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் வாழ்வதற்காக உடம்பிலேயே ஹீமோகுளோபின் வைத்திருக்கும் கொசு மாதிரி ஈயின் புழு அது. மீன் வகையில் மிஞ்சியவை ஜிலேபிக் கெண்டை, அப்புறம் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால், குறவை, எவனோ கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. எடை போட்டால் மீன் கூடியிருக்கும். பெயர் சொல்லி எண்ணினால் விரல் மிஞ்சும்.

எந்தப் பெட்டியாலும் நான் பார்க்க முடியாதது ஒன்றும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது, 260 என்று எண் மட்டும். 2001 முதல் மூன்று வருடம் அதில் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை, லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் என்ற அளவில் கலந்தார்கள். நகரத்துக் கழிவுநீரில் காணக்கூடிய அளவுதான் அது. ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கான புரதம் ஊறியது. சின்ன மீன் இனம் ஒன்று ஏறக்குறைய அந்த ஏரியிலிருந்தே துடைத்துப்போனது. கேரன் கிட் என்ற விஞ்ஞானியின் குழு 2007-இல் இதை வெளியிட்டது. நானோகிராம் என்பது மில்லிகிராமைப் பத்து லட்சம் கூறு போட்டதில் ஒன்று. அதைப் படித்த ராத்திரி, எங்கள் முந்நூறு வீட்டு மருந்து டப்பாக்களையும் மனதில் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை, ஆன்டிபயாடிக். ப்ளோயர் அதற்கெல்லாம் என்ன பதில் சொல்லும்?

சட்டத்தில் மீனுக்கு இடமே இல்லை என்று சொன்னால் அது தப்பு. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தர அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: வெளியேற்றும் கழிவுநீரில், வேறு தண்ணீர் கலக்காமல், மீனை 96 மணி நேரம் விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. 2014-இல் நானே ஒரு சிமென்ட் தொட்டியைக் கடைசி வாய்க்காலுக்குப் பக்கத்தில் வைத்து, அண்ணாச்சியிடம் பத்துக் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டேன். எங்கள் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஓடைக்குப் போகும். முதல் பத்தும் ஒரு வாரத்தில் போயின. இரண்டாவது பத்தில் நாலு மிஞ்சின. வெளியேறும் வாய்க்காலைச் சிமென்ட் போட்டுப் பூசச் சொன்னதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதில் சம்பும் கோரையும் தானாக மண்டியது. அதைத் தாண்டி வந்த தண்ணீரில் அம்மோனியா குறைவாகவே காட்டியது. மூன்றாவது பத்தில் ஒன்பது நின்றன. பார்வையிட வந்த ஓர் அதிகாரி, "இது என்ன, அழகுக்கா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அளவுகளை இறுக்கியது. பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1. பாஸ்பரஸ் என்ற சொல்லை அப்போதுதான் எங்கள் மீட்டிங்கில் முதல்முறையாக உச்சரித்தார்கள். நிர்வாகம் கணக்குப் போட்டது. அந்த அளவுக்குச் சுத்தம் செய்து ஓடையில் விடுவதைவிட, வடிகட்டி வைத்து நாமே திரும்பப் பயன்படுத்தினால் என்ன? கக்கூஸ் ஃப்ளஷ்ஷுக்குத் தனிக் குழாய் போட்டார்கள். மிச்சம் தோட்டத்துக்கு. கேட்டில் பச்சை எழுத்தில் போர்டு வைத்தார்கள், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத வளாகம் என்று. லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இது சரியான காரியம். ஆழ்குழாயில் எடுப்பது பாதியாகக் குறைந்தது. நானே அந்தக் குழாய்களின் படத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஓடை அடுத்த சித்திரையிலேயே காய்ந்தது. அண்ணாச்சி கேட்டுக்கு வந்தார். டி.வி.எஸ். போய் மகனின் பைக்.

"தம்பி, கொஞ்சமாச்சும் திறந்து விடக் கூடாதா? கெட்ட தண்ணியா இருந்தாலும் தண்ணியா இருந்துச்சே."

விட முடியாது அண்ணாச்சி, விதி என்றேன். போர்டைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மழை வருடங்களில் மட்டும் ஏலம் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

போன வருடம் நான் வேலையை விட்ட அன்று, புதிதாக வந்த பையன் சிமென்ட் தொட்டியைக் காட்டி, "சார், இதை என்ன பண்றது?" என்றான். ஓடைக்குத் தண்ணீர் போகாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. மூன்று கெண்டைகள் இருந்தன, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மூடி போட்ட பெயின்ட் வாளியில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் வாளியைத் திறந்து, ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, கட்டைவிரலால் செவுளை நெம்பிப் பார்த்தார்.

"செக்கச்செவேல்னு இருக்கு" என்றார். "கண்மாயில பொட்டுத் தண்ணி இல்ல. கிணத்துலதான் விடணும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு பம்புசெட் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.